பாசறையில் ஒரு குறிப்பேடு

நுழையும்முன்

மனத்தில் ஏறும் சுமையை இறக்கி வைக்க மனிதர் பல வழிகளை நாடுகின்றனர். உற்றாரிடம் சொல்லி ஆறுவோர் உண்டு. அழுது தீர்ப்போர் உண்டு. தம் துயரைச் சினமாக மாற்றி எளியோர்மேல் இறக்குவோரும் உண்டு. சொல்லியழ ஆளின்றி, சினம்கொள்ளவும் தமக்கு உரிமையில்லை எனக் கருதிய ஒருவர், தம் மனத்தை ஒரு குறிப்பேட்டின்முன் நிறுத்தி வினவினார். அவர் ஒரு பேரரசின் தலைவர். அவர் எழுதியவை பிறர் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் பதினெட்டு நூற்றாண்டுகள் கடந்து அவை இன்று உலகெங்கும் படிக்கப்படுகின்றன.

உறக்கமில்லா அரசர்

முல்லைப்பாட்டில் பாசறையொன்று காட்டப்படுகிறது. போரில் புண்பட்ட களிறுகளையும் உயிர்நீத்த வீரரையும் எண்ணி, அங்கே அரசன் உறக்கமின்றி இரவைக் கழிக்கிறான். அவனது இருக்கையை அமைத்து விளக்கேற்றியோராக யவனரை அந்நூல் குறிப்பிடுகிறது. தமிழர் யவனர் என அழைத்த அம்மேலை உலகிலும் அத்தகைய உறக்கமில்லா அரசர் ஒருவர் இருந்தார். டான்யூப் ஆற்றின் கரையில், பனி உறையும் கூடாரத்தில், பகல் முழுதும் போர்ப்பணி ஆற்றிவிட்டு, ஓய்வு கிடைத்த பொழுதுகளில் அவர் எழுதினார். அவரே உரோமைப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ்.

பிறப்பும் இளமையும்

மார்க்கஸ் கி.பி. 121ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் உரோமை நகரில் பிறந்தார். பிறந்தபோது அவருக்கிடப்பட்ட பெயர் வேறு. அரேலியஸ் என்பது பின்னாளில் மகன்மையால் வந்த குடும்பப் பெயர். மழலை மாறாப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பாட்டனார் அவரைத் தம் இல்லத்தில் வளர்த்தார். தாயார் டொமிஷியா லூசில்லா செல்வம் மிக்கவர். செங்கற்சூளைகள் பலவற்றுக்கு உரிமையாளர். எனினும் எளிமையாக வாழ்ந்தவர். தீயன செய்வதை மட்டுமன்றி, தீயன நினைப்பதையும் தவிர்க்கக் கற்பித்தவர் தம் தாயே எனப் பின்னாளில் மார்க்கஸ் குறித்துவைத்தார்.

பன்னிரண்டு வயதளவில் அவருக்கு மெய்யியலில் ஈடுபாடு பிறந்தது. மெய்யியலாளரைப் போல முரட்டு மேலாடை உடுத்தினார். மெத்தையை விடுத்துத் தரையில் படுத்துறங்க விழைந்தார். தாயார் மன்றாடிய பின்னரே, தோல் விரித்த சிறு கட்டிலில் படுக்க இசைந்தார்.

அக்காலத்தில் உரோமையை ஆண்டவர் ஹேட்ரியன். அவர் சிறுவன் மார்க்கசின் வாய்மையைக் கண்டு வியந்து, அவனது குடும்பப் பெயரையே சற்று மாற்றி, மிக உண்மையானவன் எனப் பொருள்படும் பெயரால் அழைத்து மகிழ்ந்தார். ஆனால், அதே ஹேட்ரியன் தம் இறுதிக் காலத்தில் நோயாலும் ஐயத்தாலும் மனம் கசந்தார். தொண்ணூறு வயது நிரம்பிய தம் தமக்கையின் கணவரையும், அவருடைய இளம் பேரனையும் இறக்கச் செய்தார். அரசனின் மனத்தில் தேங்கிய கசப்பு பிறர் உயிரைக் குடிக்கும் என்பதற்கு அது கண்கூடான சான்று. அப்போது மார்க்கசின் வயது பதினைந்து அளவில் இருந்தது.

கி.பி. 138இல் ஹேட்ரியன் தமக்குப்பின் ஆள்வதற்கு அன்டோனினஸ் பயஸ் என்பவரை மகனாக ஏற்றார். அன்டோனினஸ், மார்க்கசையும் லூசியஸ் என்னும் சிறுவனையும் தம் மகன்களாக ஏற்க வேண்டும் என்பது ஹேட்ரியன் விதித்த கட்டளை. பேரரசு தம்மைத் தேடி வந்த செய்தியைக் கேட்ட பதினேழு வயதை நெருங்கிய மார்க்கஸ் மகிழவில்லை, வருந்தினார். தாயின் தோட்ட மாளிகையை விட்டு அரண்மனைக்குச் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை.

அரண்மனை வாழ்வில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. தம்மை வளர்த்த ஆசான் ஒருவர் இறந்தபோது மார்க்கஸ் தேம்பி அழுதார். அரசிளங்குமரன் அழுதல் தகாது என அரண்மனை ஏவலர் தடுக்க முனைந்தனர். அன்டோனினஸ் அவர்களை விலக்கினார். மெய்யியலோ ஆட்சியோ மனித இயல்பான பாசத்தை அழித்துவிடுவதில்லை என்றும், அவன் மனிதனாக இருக்கட்டும் என்றும் அறிவுறுத்தினார். உணர்ச்சியை மறுப்பது வேறு; உணர்ச்சிக்கு அடிமையாகாதிருப்பது வேறு என்னும் பாடத்தை மார்க்கஸ் அங்கே பெற்றார். அன்டோனினஸ் 23 ஆண்டுகள் ஆண்டார். அந்த நீண்ட காலமும் அவரருகில் இருந்து ஆட்சிக்கலையைக் கற்றார் மார்க்கஸ்.

ஆசிரியர் தந்த நூல்

மார்க்கசுக்கு ஆசிரியர் பலர். அவருள் இருவர் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர். ஒருவர் இலத்தீன் சொற்கலை வல்லுநரான ஃபுரோன்டோ. அவரும் மார்க்கசும் பல்லாண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டனர். அக்கடிதங்கள் காலத்தால் மறைந்து, 1815இல் இத்தாலியின் மிலான் நகர நூலகத்தில், வேறொரு நூலுக்காக எழுத்தழிக்கப்பட்ட பழைய தோலேடுகளின் அடியிலிருந்து மீட்கப்பட்டன. தம் சிறுமகளுக்கு இருமல் கண்டதையும் வயிற்றுப்போக்கு உண்டானதையும் கவலையோடு எழுதும் ஓர் இளந்தந்தையை அவற்றில் காணலாம். நெஞ்சிலுள்ளதைத் திறந்து சொல்ல மார்க்கசுக்கு அன்று ஒரு துணை இருந்தது.

மற்றொருவர் ஸ்டோயிக் மெய்யியலாளரான ரஸ்டிகஸ். இவர் மாணவனின் குறைகளைத் தயங்காமல் சுட்டிக்காட்டுபவர். அதனால் மார்க்கஸ் அவர்மேல் பலமுறை சினம்கொண்டதுண்டு. எனினும் பின்னர் வருந்தத்தக்க செயல் எதையும் செய்துவிடவில்லை. இந்த ரஸ்டிகஸ்தான் எபிக்டெட்டசின் போதனைகள் அடங்கிய தம் சொந்தப் படியை மார்க்கசுக்குப் படிக்கத் தந்தார். எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்து, பின்னர் விடுதலை பெற்று ஆசிரியரானவர். நம் ஆற்றலுக்கு உட்பட்டவை எவை, உட்படாதவை எவை எனப் பகுத்தறிவதே அவர் போதனையின் அடிப்படை. உடல்நலமும் செல்வமும் பிறர் கருத்தும் நம் கையில் இல்லை. அவற்றைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணமும் நாம் ஆற்றும் செயலுமே நம் கையில் உள்ளன என்றார் அவர். நாள்தோறும் இவற்றை எழுதிப் பயில வேண்டும் என்பதும் அவர் கற்பித்த நெறி. அடிமையாக இருந்தவரின் அறிவுரை, உலகின் பெரும்பகுதியை ஆளவிருந்தவருக்கு வழிகாட்டியாயிற்று.

அடுக்கி வந்த துயர்கள்

கி.பி. 161ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அன்டோனினஸ் மறைந்தார். ஆட்சி முழுவதும் மார்க்கசிடம் வந்தது. அவரோ தம்முடன் வளர்ந்த லூசியசையும் இணைப் பேரரசராக ஏற்கச் செய்து, அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டார். உரோமையில் ஒரே காலத்தில் இரு பேரரசர்கள் அரியணை ஏறியது அதுவே முதன்முறை.

அரியணை ஏறியதும் இன்னல்கள் சூழ்ந்தன. டைபர் ஆறு கரைபுரண்டு நகரைச் சூழ்ந்தது, பஞ்சம் வந்தது. கிழக்கே பார்த்தியர் படையெடுத்தனர். அவர்களை வென்று கி.பி. 166இல் திரும்பிய படைவீரர், வெற்றியோடு கொள்ளைநோயையும் கொண்டுவந்தனர். காய்ச்சலும் உடலெங்கும் கொப்புளமுமாய்ப் பரவிய அந்நோயைக் கேலன் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் விவரித்துள்ளார். அது பெரியம்மையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நகரங்களும் படைமுகாம்களும் வெறுமையாயின. நோயின் கொடுமை தணியுமுன்பே வடக்கே மார்க்கோமன்னியர், குவாடியர் முதலிய இனத்தார் டான்யூப் எல்லையைக் கடந்து இத்தாலிவரை ஊடுருவினர்.

நாட்டின் துயருக்கு ஈடாக வீட்டிலும் துயர் நிறைந்திருந்தது. மார்க்கஸ் கி.பி. 145இல் அன்டோனினசின் மகள் ஃபாஸ்டினாவை மணந்தார். அவர்களுக்குக் குறைந்தது 13 குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். கி.பி. 161இல் பிறந்த இரட்டை ஆண்மகவுகளுள் ஒன்று நான்கு வயதில் மறைந்தது. மற்றொன்றே பின்னாளில் பேரரசனான கொமோடஸ்.

கி.பி. 169ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மிகக் கொடியது. அவ்வாண்டின் தொடக்கத்தில், போர்முனையிலிருந்து திரும்பும் வழியில் லூசியஸ் திடீரென நோயுற்று இறந்தார். பேரரசின் முழுச்சுமையும் மார்க்கசின் தோளில் விழுந்தது. அதே ஆண்டில், ஏழு வயதான அவர் மகன் ஒருவனுக்குக் காதின் கீழ்க் கட்டி தோன்றியது. மருத்துவர் அதை அறுத்து நீக்க முயன்றனர், சிறுவன் பிழைக்கவில்லை. மகனை இழந்த பேரரசர் மருத்துவரைத் தண்டித்திருந்தால் கேட்பார் எவரும் இல்லை. ஆனால், மார்க்கஸ் அம்மருத்துவரைத் தேற்றினார். நகரில் நடந்துகொண்டிருந்த சமய விழாவைத் தம் துயருக்காக நிறுத்தவும் அவர் ஒப்பவில்லை. ஐந்து நாள் மட்டும் துக்கம் காத்துவிட்டு அரசுப்பணிக்குத் திரும்பினார்.

போருக்குப் பொருள் இல்லை. நோயால் நலிந்த மக்கள்மேல் புதுவரி விதிக்க அவர் விரும்பவில்லை. அரண்மனையின் பொற்கலங்கள், படிகக் கிண்ணங்கள், அரசியின் பொன்னிழைப் பட்டாடைகள் ஆகியவற்றை டிராஜன் சதுக்கத்தில் இரண்டு திங்கள் ஏலம் விட்டார். அவ்வாறு திரட்டிய பொருளோடு வடக்கே புறப்பட்டார்.

குறிப்பேடு பிறந்தது

அதன்பின் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி பாசறைகளிலேயே கழிந்தது. இன்றைய ஆஸ்திரியாவில் டான்யூப் கரையிலிருந்த கார்னுன்டம் என்னும் படைத்தளம் அவர் தங்கிய இடங்களுள் ஒன்று. அவர் உடல் வலிமையற்றது. நெஞ்சுவலியும் வயிற்றுவலியும் அவரை ஓயாது வருத்தின. பகலில் உணவருந்துவதும் அரிது. அவருக்கு மருத்துவம் பார்த்த கேலன், போர்முனைக்கு வர இயலாமைக்குக் காரணம் சொல்லி உரோமையிலேயே தங்கிவிட்டார். கடிதத்தில் மனம் திறந்து பேசுவதற்கிருந்த ஃபுரோன்டோவும் அப்போது உயிருடன் இல்லை. சூழ நின்ற தளபதிகளிடமும் தூதுவர்களிடமும் அரசர் தம் அச்சத்தைச் சொல்ல இயலாது. அரசரின் கலக்கம் படையின் கலக்கமாகிவிடும்.

இந்நிலையில்தான் அவர் எழுதத் தொடங்கினார். தம் தாய்மொழியாகிய இலத்தீனில் எழுதாமல், மெய்யியலின் மொழியாக விளங்கிய கிரேக்கத்தில் எழுதினார். இன்று 12 பகுதிகளாகக் கிடைக்கும் அக்குறிப்புகளுள் இரண்டு பகுதிகளில் மட்டும் இடக்குறிப்பு காணப்படுகிறது. ஒன்றில் குவாடியர் நாட்டில் கிரான் ஆற்றங்கரையில் என்றும், மற்றொன்றில் கார்னுன்டத்தில் என்றும் உள்ளது. வேறு நாள் குறிப்போ போர்ச் செய்தியோ அவற்றில் இல்லை. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது அவர் நோக்கமன்று. நிகழ்ச்சிகளால் குலைந்த மனத்தை மீண்டும் நிலைநிறுத்துவதே நோக்கம்.

எழுதிய முறை

அக்குறிப்புகளில் அவர் தம்மை நீ என விளித்தே பெரிதும் எழுதுகிறார். நான் துன்புறுகிறேன் என்று எழுதுபவர் துன்பத்தின் உள்ளே நிற்கிறார். உனக்கு நேர்ந்தது என்ன என்று தம்மையே வினவுபவர் ஓரடி விலகி நின்று அத்துன்பத்தைக் காண்கிறார். நண்பனுக்கு அறிவுரை கூறும் தெளிவோடு தமக்குத்தாமே அறிவுரை கூற இம்முறை அவருக்கு உதவியது.

நேர்ந்ததையும், நேர்ந்ததைப் பற்றி மனம் சேர்த்துக்கொள்வதையும் அவர் பிரித்து எழுதினார். ஒருவர் தம்மைப் பழித்தார் என்பது செய்தி. அதனால் தமக்குத் தீங்கு விளைந்தது என்பது மனம் சேர்த்த தீர்ப்பு. குழந்தை நோயுற்றிருக்கிறது என்பது காட்சி. அது இறந்துவிடும் என்பது அச்சம். காட்சியோடு நின்றுகொள்ளவும், அதற்குமேல் மனம் கட்டும் கதையை அடையாளம் காணவும் அவர் பயின்றார்.

பகட்டும் அச்சமும் தரும் பொருள்களை அவற்றின் மூலக்கூறுகளாகப் பிரித்துப் பார்த்தார். பேரரசுக்கு அடையாளமான தம் செந்நீல ஆடையை, சிப்பியின் குருதியில் தோய்த்த ஆட்டு மயிராகக் கண்டார். வெஸ்பேசியன் காலத்து மக்களை நினைத்துப் பார்த்தார். அவர்கள் மணந்தனர், மக்களைப் பெற்றனர், நோயுற்றனர், போரிட்டனர், வணிகம் செய்தனர். அவருள் ஒருவரும் இன்று இல்லை என எழுதினார். இத்தகைய எண்ணம் அவரைச் செயலற்றவராக ஆக்கவில்லை. எல்லாம் கடந்துபோகும் எனில் இன்று செய்ய வேண்டியதை இன்றே செய்க என்னும் முடிவுக்கே அவரைக் கொண்டுசென்றது.

அவர் எழுதியவற்றுள் மிக எளிய செய்திகளும் உண்டு. குளிர்ந்த விடியலில் படுக்கையை விட்டெழ மனமில்லாமையோடு அவர் வழக்காடுகிறார். அன்று காணப்போகும் செருக்கர், நன்றி மறந்தோர், வஞ்சகர் ஆகியோரை முன்கூட்டியே எண்ணி, அவர்மேல் வெறுப்புக் கொள்ளலாகாது எனத் தம்மைப் பக்குவப்படுத்துகிறார். புகழ்மீது தமக்குள்ள ஆசையையும், தம்முள் மூளும் சினத்தையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்.

குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளே படிப்போர் நெஞ்சைத் தொடுவன. இறந்த தம் மக்களின் பெயர்களை அவர் எழுதி அழவில்லை. ஆனால், குழந்தையை இழந்துவிடக் கூடாதே என வேண்டுவதைவிட, இழப்பை அஞ்சாத மனம் வேண்டுமென இறைவரிடம் கேட்டுப்பார் என ஓரிடத்தில் தம்மைத் தூண்டிக்கொள்கிறார். குழந்தையை முத்தமிடும்போதே அது நிலையாதது என நினைவில் கொள்ளுமாறு எபிக்டெட்டஸ் கூறியதை மற்றோரிடத்தில் குறிக்கிறார். எத்தனையோ சிறு உடல்களைச் சிதைக்கு அனுப்பிய தந்தை எழுதியவை இவை என்பதை அறிந்து படிக்கும்போது, அச்சொற்களின் பின்னுள்ள வலி விளங்கும்.

ஒரே கருத்து அக்குறிப்பேட்டில் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். நூலாகக் கருதினால் அது குறை; பயிற்சியாகக் கருதினால் அதுவே இயல்பு. இரவில் இறக்கி வைத்த சுமை விடிந்ததும் மறுபடி தோளில் ஏறியது. ஆகவே, அவர் மறுபடி எழுதினார். ஒருமுறை எழுதியதும் துயர் நீங்கிவிடும் என அவர் எதிர்பார்க்கவில்லை. அன்றைய சுமையை அன்று இறக்குவதே அவர் மேற்கொண்ட நெறி.

தெரிந்து தெளிவோம்

மனத்துயரை எழுத்தில் வடிப்பதன் பயனை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர். 1980களில் அவர் கல்லூரி மாணவரைத் தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதச் செய்தார். தம்மை ஆழமாகப் பாதித்த நிகழ்ச்சியையும் அதுகுறித்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர், பொதுவான செய்திகளை எழுதியோரைவிடப் பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்தைக் குறைவாகவே நாடினர். எனினும், எழுதும் நாள்களில் அவர்களின் வருத்தம் சற்று மிகுந்ததும் கண்டறியப்பட்டது.

சினத்தை வென்ற நாள்

எழுத்தில் செய்த பயிற்சி வாழ்வில் பயன்படுமா என்பதற்குக் கி.பி. 175இல் சோதனை வந்தது. கிழக்கு மாநிலங்களில் பெரும் அதிகாரம் பெற்றிருந்த தளபதி அவிடியஸ் காசியஸ். பார்த்தியப் போரில் வெற்றி தேடித் தந்த அவரை மார்க்கஸ் முழுமையாக நம்பியிருந்தார். மார்க்கஸ் இறந்துவிட்டார் என்னும் பொய்ச்செய்தி பரவியபோது, காசியஸ் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். செய்தி பொய் எனத் தெரிந்த பின்பும் அவர் பின்வாங்கவில்லை. சிரியாவும் எகிப்தும் அவர் பக்கம் நின்றன. எகிப்திலிருந்துதான் உரோமைக்குத் தானியம் வந்தது என்பதால் உரோமை மக்கள் அஞ்சி நடுங்கினர்.

மார்க்கஸ் வடக்குப் போரை நிறுத்திவிட்டுக் கிழக்கு நோக்கிப் புறப்பட ஆயத்தமானார். தமக்குத் தீங்கிழைத்த நண்பனை மன்னிக்கும் வாய்ப்பை இழந்துவிடக் கூடாதே என்பதே தம் அச்சம் என வீரர்களிடம் கூறியதாக வரலாற்றாசிரியர் டியோ எழுதியுள்ளார். அவர் அஞ்சியவாறே நடந்தது. மூன்று திங்களில் காசியஸ் தம் வீரராலேயே கொல்லப்பட்டார். கொன்றோர் அவர் தலையை மார்க்கசுக்கு அனுப்பினர். அதைக் காண மறுத்த மார்க்கஸ், புதைக்குமாறு பணித்தார். கிளர்ச்சியில் தொடர்புடையோர் எவரெவர் எனக் காட்டும் கடிதங்கள் படிக்கப்படாமலேயே எரிக்கப்பட்டன. உரோமை ஆட்சி மன்றத்தினர் எவரும் இதன்பொருட்டுக் கொல்லப்படலாகாது என அவர் கேட்டுக்கொண்டார்.

ஹேட்ரியனின் இறுதி நாள்களைக் கண்டு வளர்ந்தவருக்கு, அக்கடிதங்களைப் படிப்பதன் விளைவு தெரிந்திருந்தது. ஒரு பெயர் மற்றொரு பெயரைக் காட்டும். ஐயம் ஐயத்தைப் பெருக்கும். ஆண்டுக்கணக்கில் தம் சினத்தைத் தாளில் எதிர்கொண்டவர், வாளேந்தி அதைத் தீர்க்க வேண்டிய தேவையின்றி நின்றார்.

அந்தக் கிழக்குப் பயணத்தில் உடன்சென்ற மனைவி ஃபாஸ்டினா வழியிலேயே காலமானார். முப்பது ஆண்டு இல்லறத் துணையை இழந்த மார்க்கஸ், அவர் இறந்த சிற்றூரை அவர் பெயரால் நகராக்கினார். திரும்பும் வழியில் ஏதென்சு நகரில் தங்கி, மெய்யியலின் நான்கு மரபுகளுக்கும் அரசு ஊதியம் பெறும் ஆசிரியர் பணியிடங்களை நிறுவினார்.

நன்றிப் பட்டியல்

குறிப்பேட்டின் முதற்பகுதி பிற பகுதிகளினின்று வேறுபட்டது. அதில் அறிவுரையோ தன்வினவலோ இல்லை. தமக்கு நன்மை செய்தோரை ஒவ்வொருவராக நினைந்து, அவரிடம் கற்றது என்ன எனப் பதினேழு பத்திகளில் அவர் எழுதியுள்ளார். பாட்டனாரிடம் நற்குணம், தாயிடம் இறைப்பற்றும் ஈகையும், ரஸ்டிகசிடம் தம்மைத் திருத்திக்கொள்ளும் வேட்கை, அன்டோனினசிடம் கனிவோடு கூடிய உறுதி எனப் பட்டியல் விரிகிறது. மனிதருள் அன்டோனினசுக்கே மிக நீண்ட பத்தி உரியது. இறுதிப் பத்தி இறைவர்க்கு உரியது.

நினைவில் நிற்பதற்குரிய குழந்தைப் பருவ இழப்புகள் அவருக்குக் குறைவாக இல்லை. ஆயினும், அவர் இழந்தவற்றைக் கணக்கிடாமல் பெற்றவற்றைக் கணக்கிட்டார். தந்தையை அறியாத அவர், தந்தையைப் பற்றிய நினைவிலிருந்தும் பிறர் சொன்ன புகழிலிருந்தும் பெற்ற பண்பையும் மறவாது குறித்தார். துயரை ஆராய்ந்து எழுதுவது சுமையை இறக்குவது எனில், நன்றியை நினைந்து எழுதுவது நடப்பதற்கு வலிமை பெறுவதாகும்.

நிறையும் குறையும்

மார்க்கசின் வாழ்வைக் குறையற்றதாகக் கொள்ள இயலாது. அவர் காலத்தில் அடிமை முறை நீடித்தது. கி.பி. 177இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறித்தவர் கொடுமைக்கு உள்ளாயினர். அவர் வெற்றிகளைக் காட்ட உரோமையில் எழுப்பப்பட்ட கல்தூணில், எரியும் குடிசைகளும் கொல்லப்படும் சிறைக்கைதிகளும் செதுக்கப்பட்டுள்ளன. உலக மக்கள் அனைவரும் உறவினர் எனக் குறிப்பேட்டில் எழுதியவரின் ஆட்சியில் நிகழ்ந்தவை அவை. தம் மகன் கொமோடசை ஆட்சிக்குத் தகுதியுடையவனாக உருவாக்கவும் அவரால் இயலவில்லை. தனிமனிதர் தம் மனத்தைச் செம்மை செய்வது பெரும்பணி; அதனால் மட்டுமே சூழ்ந்துள்ள உலகின் கொடுமைகள் அகன்றுவிடா என்பதையும் அவர் வரலாறு உணர்த்துகிறது.

இறுதி நாள்கள்

கி.பி. 178இல் வடக்கு எல்லையில் மீண்டும் போர் மூண்டது. மார்க்கஸ் மறுபடியும் பாசறைக்குச் சென்றார். கி.பி. 180ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் நோயுற்றார். தம்மைச் சூழ்ந்து அழுத நண்பரிடம், தமக்காக அழுவதை விடுத்து, கொள்ளைநோயால் அழியும் மக்கள் அனைவரையும் எண்ணுமாறு கூறினார். இறுதி நாளில், உறங்கப் போவதைப்போலத் தலைமேல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மார்ச்சு 17ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு 58 வயது.

அடுத்து அரியணை ஏறிய கொமோடஸ் கொடுங்கோலனாகி, கி.பி. 192இன் இறுதி நாளில் கொல்லப்பட்டான். மார்க்கஸ் காத்த எல்லைகள் பின்னாளில் சிதைந்தன. அவர் பேரரசும் மறைந்தது. எஞ்சியது குறிப்பேடு. அரசருக்குப்பின் அதை எவரோ காத்தனர்; கையெழுத்துப் படிகளாக அது நூற்றாண்டுகளைக் கடந்தது. 1559இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் முதன்முறையாக அச்சேறியது. தமக்குத்தாமே எனப் பொருள்படும் கிரேக்கத் தலைப்பால் அது அறியப்படுகிறது. அப்பெயரும் அவரிட்டதாகத் தோன்றவில்லை. தாமே படிப்பதற்கு எழுதியதற்குப் பெயரெதற்கு?

உலகின் மிகப் பெரிய அதிகாரத்தைப் பெற்றிருந்த ஒருவர், தம் குழந்தைகளைச் சாவிலிருந்து காக்க அதிகாரத்தால் இயலவில்லை என உணர்ந்தார். கொள்ளைநோயையும் நண்பரின் வஞ்சகத்தையும் அவர் ஆணை தடுக்கவில்லை. அவர் ஆணைக்கு உட்பட்டதாக எஞ்சியது அவர் மனம் ஒன்றே. அதையும் ஒரே நாளில் வெல்ல முடியாது என அறிந்து, வாய்த்த பொழுதிலெல்லாம் எழுதுகோலை எடுத்தார். அவர் இறக்கி வைத்த சுமை எவர் தலையிலும் விழவில்லை, தாளில் தங்கியது. காலங்கடந்து அத்தாளை எடுத்துப் படிப்போர்க்கு அது சுமையாக அன்றி, கைவிளக்காகவே விளங்குகிறது.